பாறைச் சுவரின் படத்துக்கு ஊர்ப்பெயரும் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

மதிப்புக்குரிய ஐயா,

தங்கள் பத்திரிகையின் வார இறுதிப் பதிப்பில் வாசகர்கள் எடுத்து அனுப்பும் ஒளிப்படங்களுக்கென ஒரு பக்கம் ஒதுக்கப்படுவதும், அந்தப் பக்கத்தில் திருவிழா, அந்திவானம், கொக்கு ஆகிய வழக்கமான படங்களுக்கு நடுவே பாறைச் சுவர்களின் கோலங்களை மட்டுமே காட்டும் படங்கள் அண்மைக் காலமாக இடம்பெறுவதும் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி தருகின்றன. மனிதரோ மரமோ வானமோ இல்லாமல், சட்டகம் முழுவதும் கல்லின் வரிகளும் கறைகளும் வெடிப்புகளுமாக நிறைந்த ஒரு படத்தை அச்சிட நாளிதழ் ஒன்றுக்குத் துணிவு வேண்டும். அந்தத் துணிவைப் பாராட்டிய கையோடு, அப்படங்களின் கீழ் அச்சாகும் வரிகளைப் பற்றி எனக்குள்ள குறையையும் சொல்லவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

அத்தகைய படங்களின் கீழ் நான் காண்பவை 'இயற்கையின் தூரிகை', 'கல் எழுதிய கவிதை', 'பாறையில் தெரிவது பிள்ளையாரா?' என்பன போன்ற வரிகளும் படமெடுத்தவரின் பெயரும் மட்டுமே. அது எந்த ஊர்ப் பாறை, சட்டகத்துக்குள் அகப்பட்ட பகுதி ஒரு சாண் அகலமா ஒரு தென்னை உயரமா, கல் நனைந்திருந்ததா காய்ந்திருந்ததா, நிறங்கள் பின்னர் கூட்டப்பட்டனவா என்பவற்றில் ஒன்றுகூட இருப்பதில்லை. பறவைப் படமென்றால் பறவையின் பெயரையும் அது காணப்பட்ட குளத்தின் பெயரையும் தவறாமல் அச்சிடும் அதே பக்கம், பாறையென்று வந்தவுடன் கவிதை பாடத் தொடங்கிவிடுகிறது. ஊர், அகலம், கல்லின் நிலை, செய்யப்பட்ட திருத்தம் ஆகிய நான்கையும் ஒரே வரியில் சேர்த்து அச்சிட வேண்டும் என்பதே என் வேண்டுகோள். அதற்காகத் தலைப்புக் கவிதையைக் கைவிட வேண்டும் என்று நான் கேட்கவில்லை. கைவிட்டால் மகிழ்வேன் என்பது வேறு விடயம்.

கல்லில் உருவம் காண்பது எங்களுக்குப் புதிதல்ல. சுயம்புவாக எழுந்த கல்லுக்கு விளக்கேற்றி வழிபடும் மரபில் வளர்ந்தவன் என்ற முறையில், அந்த நம்பிக்கையைக் குறைத்துப் பேச எனக்கு உரிமையும் இல்லை, விருப்பமும் இல்லை. ஆனால் வழிபாட்டுக்குரிய கல்லுக்கு எப்போதும் ஓர் ஊர் உண்டு. திருகோணமலையில் கோணேசர் கோயிலுக்குப் போய்வரும் அடியார், பாறை பிளந்து கடலை நோக்கி இறங்கும் இடத்தை இராவணன் வெட்டு என்று காட்டும்போது, கதையையும் இடத்தையும் சேர்த்தே காட்டுகிறார். பத்திரிகையில் வரும் 'பிள்ளையாரா?' என்ற கேள்விக்கோ இடமும் இல்லை, கதையும் இல்லை. அதிலும் மோசமானது, அந்தக் கேள்வியைப் படித்த கணத்திலிருந்து வாசகரின் கண் தும்பிக்கையைத் தேடத் தொடங்கிவிடுகிறது. தும்பிக்கை கிடைத்ததும் பார்வை அங்கேயே நின்றுவிடுகிறது. அதே படத்தின் ஒரு மூலையில் இரண்டு வெள்ளை நரம்புகள் ஒன்றையொன்று வெட்டிச் செல்வதையும், வெட்டுண்ட நரம்பே இரண்டிலும் மூத்தது என்பதையும் அதன் பிறகு யாரும் கவனிக்கப் போவதில்லை.

இந்தக் கோலங்கள் எப்படி உண்டாகின்றன என்பதை இங்கே சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. நான் அந்த நான்கு விபரங்களைக் கேட்பதற்கான காரணம் அதற்குள்தான் இருக்கிறது. இலங்கை நிலப்பரப்பில் ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பங்கு கேம்பிரியனுக்கு முந்திய, அதாவது ஏறத்தாழ 54 கோடி ஆண்டுகளுக்கு மேற்பட்ட, காலத்தைச் சேர்ந்த உருமாறிய பாறைகளால் ஆனது. யாழ்ப்பாணக் குடாநாட்டிலும் வடமேற்குக் கரையோரத்திலும் உள்ள சுண்ணக்கல், ஆற்றுப் படிவுகள், கரையோர மணல் ஆகியவையே எஞ்சிய சிறு பங்கில் பெரும்பகுதி. மலைநாட்டின் பாறைகள் சுமார் 55 கோடி முதல் 61 கோடி ஆண்டுகளுக்கு முன்னர், 20 கிலோமீற்றருக்கும் கூடிய ஆழத்தில், 700 பாகை செல்சியஸைத் தாண்டிய வெப்பத்தில் நெரிபட்டவை. அந்த வெப்பத்திலும் கல் முழுவதாக உருகிவிடவில்லை. அதற்குள்ளிருந்த கனிமங்கள் மீண்டும் படிகமாகி, இனம் இனத்தோடு சேர்ந்து அடுக்குகளாயின. வெளிர் நிற அடுக்குகளில் குவார்ட்ஸும் பெல்ஸ்பாரும், கரிய அடுக்குகளில் கரிய மைக்காவும் ஹோர்ன்பிளெண்டும் மிகுந்திருக்கும். அடுக்குகள் உண்டான பின்னரும் அழுத்தம் ஓயவில்லை. எண்ணெய் தடவிய பரோட்டா மாவை இழுத்து மடித்துச் சுருட்டுவதுபோல அவை மடிந்தும் நீண்டும் சுருண்டும் போயின. நைஸ் என்று புவிச்சரிதவியலாளர் அழைக்கும் வரிப்பாறையின் முகத்தில் நாம் காணும் அலைகளும் சுழிகளும் இவ்வாறு பிறந்தவை. சில இடங்களில் கல்லின் ஒரு பகுதி மட்டும் உருகி, வெடிப்புகளுக்குள் புகுந்து, பெரிய படிகங்களோடு உறைந்து, வெள்ளை நரம்பாகக் குறுக்கே ஓடுகிறது.

இது கல்லின் உள்ளே இருக்கும் கோலம். அதன் மேல் இன்னொரு கோலம் இருக்கிறது. அது மழையும் வெயிலும் உயிர்களும் போட்டது. சீகிரியாவையும் பிதுரங்கலவையும் போன்ற தனிக்குன்றுகளின் செங்குத்து முகங்களில் மேலிருந்து கீழாக இறங்கும் கரும்பட்டைகள் மழைநீர் வழியும் தடங்களாகும். அந்தத் தடங்களில் ஒட்டி வாழும் சயனோபற்றீரியா என்ற நுண்ணுயிர்களும், பாசியும் பூஞ்சையும் கூடி வாழும் இலைக்கன்களுமே வெப்பமண்டலப் பாறைகளுக்குப் பெரும்பாலும் அந்தக் கருமையைத் தருகின்றன. கல்லிலுள்ள இரும்பு நீரோடும் காற்றோடும் கூடி ஒட்சைட்டாகும் இடங்களில் மஞ்சளும் துருச்சிவப்பும் படர்கின்றன. மங்கனீசு படிந்த இடங்கள் கறுக்கின்றன. வெயிலில் விரிந்தும் மழையில் குளிர்ந்தும், மேலே அழுத்திக்கொண்டிருந்த சுமை அரிந்து நீங்கியும், பாறையின் மேற்பரப்பு தகடு தகடாக உரிகிறது. தகடு கழன்ற இடத்தில் புதிய வெளிர் நிறமும், கழலாத இடத்தில் பழைய கருமையும் நின்று, தீவுகளும் விரிகுடாக்களும் நிறைந்த தேசப்படம் போன்ற ஒன்று உருவாகிறது.

இந்த இரண்டு கோலங்களும் ஒரே சட்டகத்துக்குள் ஒன்றையொன்று வெட்டும்போது கிடைக்கும் படமே, என் கருத்தில், பாறைப் படங்களில் மிகச் சிறந்தது. உள்கோலம் பூமி மடிந்த திசையில் போகும். மேற்கோலம் நீர் வழிந்த திசையில் இறங்கும். ஆகவேதான் படத்தின் மேல்பக்கம் எது என்பதுகூட முக்கியமாகிறது. சில மாதங்களுக்கு முன் தங்கள் பக்கத்தில் வந்த ஒரு படத்தில் கரும்பட்டைகள் இடமிருந்து வலமாகக் கிடையாக ஓடின. மழைநீர் அவ்வாறு ஓடுவதில்லை. பக்க அமைப்புக்கு வசதியாகப் படம் திருப்பப்பட்டிருக்கலாம், அல்லது அழகு கருதி எடுத்தவரே திருப்பியிருக்கலாம். திருப்பியதில் குற்றமில்லை, திருப்பியதைச் சொல்லாமல் விட்டதில்தான் வாசகருக்கு நட்டம்.

இயற்கையும் மனிதக் கையும் கலக்கும் இடங்களில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். தம்புள்ளையிலும் மிகிந்தலையிலும், இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பிருந்தே பிக்குகள் தங்கிய குகைகளின் நெற்றியில், மழைநீர் பாறை வழியே உள்ளே வழிந்துவிடாமல் தடுக்க ஒரு விளிம்பு செதுக்கப்பட்டிருப்பதைப் பார்த்தவர்கள் பலர் இருப்பார்கள். நீர் அந்த விளிம்போடு சொட்டிவிடுவதால், அதற்கு மேலுள்ள கல் கறுத்தும் கீழுள்ள கல் வெளிறியும் இருக்கும். அந்த எல்லைக்கோட்டை மட்டும் நெருங்கிப் படமெடுத்தால், மேற்பாதி இருளும் கீழ்ப்பாதி ஒளியுமாக, தூரிகையால் இழுத்தது போன்ற ஓர் அருவப் படம் கிடைக்கும். அதை 'இயற்கையின் தூரிகை' என்று அச்சிட்டால் பெயர் தெரியாத ஒரு சிற்றுளிக்காரரின் உழைப்பை இயற்கையின் கணக்கில் எழுதியவர்களாகிவிடுவோம். அதேபோல, முருகைக்கற்களை அடுக்கிக் கட்டிய நெடுந்தீவின் மதில்களும் நெருங்கிப் பார்த்தால் இயற்கைச் சுவர்போலவே தோன்றும். கீரிமலைக் கரையில் மழைநீரும் கடலும் அரித்துத் துளையிட்ட சுண்ணக்கல்லோ உண்மையில் இயற்கைச் சுவர். அது ஏறத்தாழ 50 இலட்சம் ஆண்டுகள் முதல் 2 கோடியே 30 இலட்சம் ஆண்டுகள் வரை பழைமையான மயோசீன் காலத்தைச் சேர்ந்தது. ஊர்ப்பெயர் ஒன்று போதும், இந்த வேறுபாடு விளங்கிவிடும்.

அகலத்தை ஏன் கேட்கிறேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பாறைக் கோலத்தைப் படமெடுப்பவர்கள், அளவைக் காட்டக்கூடிய எதையும் சட்டகத்துக்குள் விடுவதில்லை. ஒரு புல், ஓர் எறும்பு, விழுந்த இலை எதுவாயினும் தவிர்த்துவிடுவார்கள். இதனால் உள்ளங்கையளவு கல்லும் ஓராயிரம் அடி மலைமுகமும் தாளில் ஒன்றுபோலவே தெரிகின்றன. அந்த மயக்கமே இவ்வகைப் படத்தின் உயிர் என்பதை நான் ஒத்துக்கொள்கிறேன். புவிச்சரிதவியல் மாணவர்கள் செய்வதுபோலக் கல்லின் மீது சுத்தியலையோ நாணயத்தையோ வைத்துப் படமெடுக்க வேண்டும் என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அது ஆய்வுக்குரிய படம், இது பார்வைக்குரிய படம். ஆனால் மயக்கம் படத்துக்குள் இருக்கட்டும், 'சுவரின் அகலம் சுமார் 40 சென்ரிமீற்றர்' என்ற விபரம் படத்துக்குக் கீழே இருக்கட்டும். அதைப் படித்துவிட்டு மீண்டும் படத்தைப் பார்க்கும் வாசகருக்கு முதலில் கிடைத்த வியப்பு குறைவதில்லை. கையகலக் கல்லில் ஒரு மலைத்தொடரின் மடிப்பு முழுவதும் இருப்பதை உணரும்போது அது கூடவே செய்கிறது.

கல்லை ஆராய்வதும் ஒளிப்படத்தைக் கலையாக மதிப்பதும் ஒரே மனிதரிடம் கூடியிருந்த வரலாறு கொழும்புக்கு உண்டு. 1877இல் இந்த நகரில் பிறந்த ஆனந்த குமாரசுவாமி அவர்களைக் கலை வரலாற்றறிஞராகவே நம்மில் பெரும்பாலானோர் அறிவோம். ஆனால் அவர் இலண்டனில் பயின்றது புவிச்சரிதவியல். இலங்கைக் கனிமவியல் ஆய்வு நிறுவனத்தின் முதலாவது பணிப்பாளராக 1903 முதல் 1906 வரை கடமையாற்றி, இந்தத் தீவின் பாறைகளை ஊரூராகச் சென்று பதிவு செய்தவர். தோரியம் அடங்கிய தோரியனைற் என்ற கனிமத்தை உலகம் அறிந்துகொண்டதிலும் அவருக்குப் பங்குண்டு. பின்னர் கலையின் பக்கம் திரும்பிய அவர், 1917இல் அமெரிக்காவின் பொஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் சேர்ந்தார். அங்கு இருந்தபோதுதான், 1924இல், அவருடைய முயற்சியால் அமெரிக்க ஒளிப்படக் கலைஞர் அல்பிரட் ஸ்டீக்லிட்ஸின் 27 ஒளிப்படங்கள் அந்த அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இடம்பெற்றன. ஒளிப்படம் என்பது இயந்திரம் செய்யும் நகல் வேலை என்று பல கலைக்கூடங்கள் ஒதுக்கி வைத்திருந்த காலம் அது. ஸ்டீக்லிட்ஸ் அந்த ஆண்டுகளில் நிலமோ மனிதரோ இல்லாமல் மேகங்களை மட்டும் படமெடுத்துக்கொண்டிருந்தார் என்பதும் கருதத்தக்கது. கல்லின் வரிகளைப் படித்துப் பழகிய கண்ணுக்கு, பொருள் இல்லாத படத்தின் பொருள் எளிதில் பிடிபட்டிருக்கும் என்பது என் ஊகம்.

கள ஆய்வுக்குப் போகும் எந்தப் புவிச்சரிதவியலாளரும் முதலில் கற்பது, எடுத்த கல்லின் மீது எடுத்த இடத்தைக் குறிக்க வேண்டும் என்பதைத்தான். இடம் குறிக்கப்படாத மாதிரி எவ்வளவு அழகான படிகமானாலும் ஆய்வுக்கு உதவாது. பாறைப் படத்துக்கும் அதையே நான் கேட்கிறேன்.

கலைப்படத்துக்கு விளக்கம் எதற்கு, விளக்கம் சொன்னால் அதன் அருவத்தன்மை கெட்டுவிடாதா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். இந்த வாதத்தை நான் அலட்சியம் செய்யவில்லை. ஆயினும், 1940களிலிருந்து உரிந்த சுவர்களையும் கடற்கரைக் கற்களையும் நெருங்கிப் படமெடுத்து, அருவ ஓவியர்களுக்குச் சமமாக மதிக்கப்பட்ட அமெரிக்கரான அரோன் சிஸ்கின்ட், தம் படங்கள் பலவற்றுக்கு இட்ட தலைப்புகளில் ஊர்ப்பெயரும் ஆண்டும் ஓர் எண்ணும் தவிர வேறொன்றும் இல்லை என்பதை அவர்கள் கவனிக்க வேண்டும். அவருடைய படங்களின் அருவத்தன்மை அதனால் இம்மியும் குறையவில்லை. உண்மையில் அருவத்தைக் கெடுப்பது ஊர்ப்பெயர் அல்ல, உவமைத் தலைப்பு. எங்கள் நகரத்து லயனல் வென்ட் (1900–1944) ஒளிப்படத்தில் எத்தனையோ பரிசோதனைகளைச் செய்தவர். அவர் பெயரால் அமைந்த மண்டபத்தின் சுவரில் ஒரு படத்தைத் தலைப்பின்றி மாட்டினால், அதை நாடிச் செல்பவர் நின்று நிதானித்துப் பார்ப்பார். காலைத் தேநீரோடு பக்கம் புரட்டுபவரிடம் அந்த நிதானத்தை எதிர்பார்க்க முடியாது. நாளிதழ் என்பது செய்தித்தாள். அதில் வரும் படம், கலையாக இருந்தாலும், எங்கே எடுக்கப்பட்டது என்ற கேள்விக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டது.

கல்லின் நிலை என்று நான் சொல்வது முக்கியமாக ஈரத்தைப் பற்றியது. காய்ந்த கல்லின் நுண்ணிய சொரசொரப்பு ஒளியை எல்லாத் திசைகளிலும் சிதறடிப்பதால் நிறங்கள் வெளிறித் தெரிகின்றன. மெல்லிய நீர்ப்படலம் அந்தச் சொரசொரப்பை நிரப்பியவுடன் சிதறல் குறைந்து, சிவப்பு ஆழமான சிவப்பாகவும் கருமை மையாகவும் மாறுகிறது. மழை ஓய்ந்த அரைமணி நேரத்தில் எடுத்த படமும் மாசி மாத வெயிலில் எடுத்த படமும் ஒரே சுவரை இரண்டு சுவர்களாகக் காட்டிவிடும். ஈரக்கல்லின் மினுமினுப்பைப் போலரைசர் வடிகட்டி நீக்கிவிடுவதால் நிறம் இன்னும் கூடும். இவற்றில் எதுவும் ஏமாற்று அல்ல. ஆனால் கணினியிலோ கையடக்கத் தொலைபேசியிலோ நிறச்செறிவை விரலால் தள்ளிக் கூட்டும்போது, இரும்பு இல்லாத இடத்தில் இரும்பு முளைத்துவிடுகிறது. உயர்தர வகுப்பில் புவியியல் பயிலும் ஒரு மாணவர் அந்தச் செம்மையைப் பார்த்து அதைச் செம்புரைக்கல் என்று எண்ணினால் பிழை அவருடையது அல்ல. 'நிறம் கூட்டப்பட்டது' என்ற இரண்டு சொற்களை அச்சிட எத்தனை இடம் வேண்டும்?

நேரத்தையும் ஐந்தாவது விபரமாகக் கேட்க எனக்கு ஆசைதான். ஒரு வரிக்குள் அடங்காது என்பதால் விட்டுவிடுகிறேன். ஆயினும் படமெடுக்கும் வாசகர்களுக்காக ஒளியைப் பற்றி ஒன்று சொல்ல அனுமதியுங்கள். ஒளிப்படக் கைநூல்கள் பலவும் நண்பகல் வெயிலைத் தவிர்க்கச் சொல்கின்றன. அது முகங்களையும் நிலக்காட்சிகளையும் மனத்தில் வைத்துச் சொல்லப்பட்டது. செங்குத்துச் சுவருக்கு, அதுவும் எங்கள் நாட்டில், அது பொருந்தாது. கொழும்பு வட அகலக்கோடு 7 பாகைக்கு அருகில் இருப்பதால், ஏப்ரல் தொடக்கத்திலும் செப்டெம்பர் தொடக்கத்திலும் சூரியன் நண்பகலில் எங்கள் உச்சிக்கு நேரே வருகிறது. ஏப்ரலில் எந்த நாளில் எந்த ஊருக்குச் சூரியன் உச்சம் கொடுக்கும் என்ற வளிமண்டலவியல் திணைக்களத்தின் அறிவித்தலைப் பத்திரிகைகளில் காண்கிறோம். அந்த நாட்களை ஒட்டி, உச்சி நேரத்துக்குச் சற்று முன்னும் பின்னும், ஒளி சுவரை மேலிருந்து கீழாக உரசிக்கொண்டே இறங்குவதால் மிகச் சிறிய மேடும் நீண்ட நிழலை விழுத்தும். கல்லின் நெய்வு அப்போது தெரிவதுபோல் வேறெப்போதும் தெரியாது. இதற்கு மாறாக, மேற்கு நோக்கிய கல்கிசைக் கரைப் பாறைகளை எல்லோரும் விரும்பும் அந்திப் பொன்னொளியில் எடுத்தால், ஒளி நேர்முகமாக விழுந்து மேடுபள்ளத்தைத் தட்டையாக்கிவிடுகிறது. டிசம்பரில் நண்பகல் சூரியன் உச்சியிலிருந்து ஏறத்தாழ 30 பாகை தெற்கே சரிந்திருக்கும். ஜூனில் ஏறத்தாழ 16 பாகை வடக்கே சரிந்திருக்கும். எந்தச் சுவருக்கு எந்த மாதம் போகலாம் என்பதை இதைக்கொண்டே கணித்துக்கொள்ளலாம். வானம் மூடியிருக்கும் நாள் நிறத்துக்கு நல்லது, உருவத்துக்கு அல்ல. கமராவின் முகம் சுவருக்கு இணையாக இருக்க வேண்டும். தொலைபேசியில் எடுப்பவர்கள் அகலக் கோண வில்லையை விட்டு, இரண்டு அல்லது மூன்று மடங்கு நெருக்கும் வில்லை இருந்தால் அதைப் பயன்படுத்திச் சற்று விலகி நின்று எடுத்தால், ஓரங்கள் இழுபடாமல் இருக்கும்.

இதற்கெல்லாம் மலைநாட்டுக்குப் போக வேண்டியதில்லை என்பதையும் கொழும்பு வாசகர்களுக்குச் சொல்லலாம். கல்கிசையில் கடலுக்குள் நீளும் பாறைகள் இருக்கின்றன. வெள்ளவத்தையிலிருந்து தெஹிவளை வரை, ரயில் பாதையைக் கடல் அரிக்காமல் காக்கக் கொட்டியிருக்கும் பெருங்கற்கள் இயற்கைச் சுவர் அல்லவென்றாலும், உடைத்த முகங்களில் மேற்கோலம் படியாத உள்கோலத்தை அவ்வளவு தெளிவாக வேறெங்கும் எளிதில் காண முடியாது. ஆனால் அந்தப் படங்களின் கீழ் 'வெள்ளவத்தைப் பாறை' என்று அச்சிடுவது சரியாகாது. 'வெள்ளவத்தைக் கரையில் இடப்பட்ட கல்' என்பதே உண்மை. படத்துக்காகத் தண்டவாளத்தில் நிற்பது சட்டப்படியும் குற்றம், உயிருக்கும் ஆபத்து. அலை இரைச்சலில் பின்னால் வரும் ரயிலின் ஓசை கேட்பதில்லை. கரைப்பக்கத்தால் இறங்கும் ஒழுங்கைகளைப் பயன்படுத்த வேண்டும்.

இன்னொரு காரணமும் இப்போது சேர்ந்திருக்கிறது. சில சொற்களைத் தட்டினால் படம் செய்து தரும் மென்பொருள்கள் எல்லோர் கையிலும் வந்துவிட்டன. அவை மனிதர்களையும் கோபுரங்களையும் வரையும்போது விரலிலோ எழுத்திலோ ஏதாவது ஒரு பிசகு சில வேளைகளிலாவது காட்டிக்கொடுத்துவிடும். பாறைக் கோலத்தில் அவ்வாறு காட்டிக்கொடுக்க எதுவுமில்லை. வரி எப்படிப் போனாலும் கல்லில் அப்படியும் போகலாம் என்றே பார்ப்பவர் எண்ணுவார். இவ்வகைப் படங்கள்தாம் போலிக்கு மிக எளிதில் இடங்கொடுப்பவை. ஊரும் அகலமும் குறிக்கப்பட்டால், ஐயமுள்ள வாசகர் அங்கே போய்ச் சுவரைப் பார்க்கலாம். போகாவிட்டாலும், போகக்கூடும் என்பதே அனுப்புபவருக்கு ஒரு கட்டுப்பாடாக இருக்கும்.

படத்துக்காகக் கல்லைத் தொடுபவர்களைப் பற்றியும் குறிப்பிட்டாக வேண்டும். கோலம் தெளிவாகத் தெரிய வேண்டுமென்று இலைக்கன்களைச் சுரண்டுவதும், வெடிப்பைச் சுண்ணக்கட்டியால் எடுத்துக்காட்டுவதும், பளபளப்புக்காக எண்ணெய் தடவுவதும் நடக்கின்றன. கல்லோடு ஒட்டி வளரும் இலைக்கன்களில் பல, ஆண்டுக்கு ஒரு மில்லிமீற்றர் அளவிலோ அதிலும் குறைவாகவோ பரவுபவை. ஒரு நிமிடத்தில் சுரண்டிய வட்டம் மீண்டும் நிறைய ஒரு மனித ஆயுள் போதாமல் போகலாம். தொல்லியல் இடங்களிலுள்ள பாறைகளைச் சேதப்படுத்துவது 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருள் கட்டளைச் சட்டத்தின் கீழ் தண்டனைக்குரிய குற்றமும் ஆகும். கல்லின் நிலை என்ற விபரத்தைப் பத்திரிகை கட்டாயமாக்கினால், 'இலைக்கன் அகற்றப்பட்டது' என்று எழுதி அனுப்ப எவரும் முன்வரமாட்டார்கள்; அகற்றவும் தயங்குவார்கள் என்பது என் எதிர்பார்ப்பு. அப்படிச் சுரண்டப்பட்ட தடம் தெரியும் படங்களை எவ்வளவு அழகாயினும் அச்சிடாமல் விடுவது தங்கள் கையில் இருக்கிறது.

ஊர்ப்பெயர் என்ற என் கோரிக்கைக்கு நானே ஒரு விலக்கையும் சொல்லிவிட வேண்டும். பாதுகாப்போ காவலோ இல்லாத சில குகைச் சுவர்களும், புதையல் தோண்டுவோரின் கண்ணில் படக்கூடிய கல்வெட்டுப் பாறைகளும், ஒரு படம் வெளியானால் அடுத்த வாரமே கூட்டம் திரண்டுவிடக்கூடிய ஒடுங்கிய மலைவிளிம்புகளும் இருக்கின்றன. அத்தகைய இடங்களுக்கு மாவட்டத்தின் பெயரை மட்டும் அச்சிட்டு, சரியான இடத்தை அனுப்புபவரிடம் கேட்டு வாங்கி ஆசிரியபீடத்தின் கோப்பில் வைத்துக்கொள்ளலாம். கல்வகை தெரியாத வாசகர்கள் தயங்கத் தேவையில்லை. இடம் சரியாகத் தெரிந்தால், புவிச்சரிதவியல் அளவை மற்றும் சுரங்கப் பணியகத்தின் வரைபடங்களைப் பார்த்து அப்பகுதியில் பரந்துள்ள பாறை எது என்பதைத் தங்கள் அலுவலகத்திலேயே அறிந்துகொள்ள முடியும். படம் அனுப்பக் கோரும் சிறு கட்டத்தில் 'ஊர், சுவரின் அகலம், ஈரமா உலர்வா, செய்த திருத்தம்' என்ற ஒரு வரியைச் சேர்த்தால், அடுத்த பதிப்புக்கு வரும் படங்களிலிருந்தே இதைத் தொடங்கிவிடலாம்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியர் ஒருவர்,
வெள்ளவத்தை, கொழும்பு 6.